விழுக்காடும் புள்ளியும்

விருத்தாசலத்தில் ஒரு மாலை. வாசகர் மன்றக் கூட்டம். பெண்கல்வி பற்றிப் பேச வந்த இருவர் ஒருவர் பின் ஒருவராக மேடையேறினர். “2001-க்கும் 2011-க்கும் இடையே தமிழ்நாட்டுப் பெண்களின் எழுத்தறிவு ஒன்பது விழுக்காடு உயர்ந்தது” என்றார் முன்னவர். “பதினான்கு விழுக்காடு உயர்ந்தது” என்றார் பின்னவர். இருவருக்கும் கைதட்டல் கிடைத்தது, இருவருக்கும் துண்டு போர்த்தப்பட்டது, கூட்டம் கலைந்தது. என்னிடம் படிக்கும் ஒன்பதாம் வகுப்பு மாணவன் ஒருவன் மட்டும் என்னைத் தொடர்ந்து வந்து கேட்டான்: “ஐயா, அந்த இருவரில் பொய் சொன்னவர் யார்?”

நான் கணக்காசிரியன் அல்லன். வரலாறு படித்துப் பட்டம் பெற்றவன். எனினும் அந்தக் கேள்விக்கு விடை சொல்லாமல் வீடு திரும்ப என்னால் இயலவில்லை. தெருவிளக்கின் அடியில் நின்று, அவன் நோட்டிலேயே எழுதிக் காட்டினேன். 2001-இல் நூற்றுக்கு 64.43 பெண்கள் எழுத்தறிந்தவர்கள். 2011-இல் நூற்றுக்கு 73.44. இரண்டாவதிலிருந்து முதலாவதைக் கழித்தால் 9.01. அந்த 9.01, பழைய 64.43-இல் எத்தனை பங்கு என்று வகுத்துப் பார்த்தால் நூற்றுக்கு 14. முன்னவர் கழித்தார், பின்னவர் வகுத்தார். இருவரும் பொய் சொல்லவில்லை. ஆனால் தாம் செய்தது கழித்தலா வகுத்தலா என்பதை இருவருமே சொல்லவில்லை!

கழித்து வரும் எண்ணுக்கு விழுக்காட்டுப் புள்ளி என்று பெயர். வகுத்து வரும் எண்ணே விழுக்காடு. எழுத்தறிவு ஒன்பது புள்ளி உயர்ந்தது. அதாவது, இருந்த அளவில் பதினான்கு விழுக்காடு வளர்ந்தது. இவ்வாறு சொல்லியிருந்தால் மாணவனுக்கு ஐயம் எழுந்திராது. நம் ஏடுகளும் மேடைகளும் ‘புள்ளி’ என்ற சிறு சொல்லைத் தேவையற்றதென்று உதறிவிட்டன. அந்த உதறலால் விளையும் குழப்பம் சிறிதன்று என்பதைக் காட்டவே இக்கட்டுரை.

“ஒரு சொல் விடுபட்டதற்கா இத்தனை ஆரவாரம்?” என்று கேட்கும் நண்பர்கள் இருக்கிறார்கள். அவர்களை நம் ஊர்ப் பீங்கான் சூளைக்கு அழைத்துச் செல்ல விரும்புகிறேன். அகல் விளக்கும், கொலுப் பொம்மையும், மின்சாரப் பெட்டிக்கான ப்யூஸ் கேரியரும் வெந்து வெளிவரும் சூளை அது. ஒரு சூளையில் நூற்றுக்கு இரண்டு உடைகின்றன. பக்கத்துச் சூளையில் நூற்றுக்கு நான்கு உடைகின்றன என்று வைத்துக்கொள்வோம். வேறுபாடு இரண்டு புள்ளி. இன்னோர் இடத்தில் ஒரு சூளையில் ஐம்பதும், மற்றொன்றில் ஐம்பத்திரண்டும் உடைகின்றன. அங்கும் வேறுபாடு அதே இரண்டு புள்ளிதான். ஆனால் முதலிடத்தில் ஒரு சூளையின் சேதம் மற்றதைப்போல் இரு மடங்கு; அங்கே நெருப்பிலோ மண்ணிலோ தனிக் குறை உண்டு என்று எந்தத் தொழிலாளியும் உடனே ஐயுறுவார். இரண்டாம் இடத்தில் இரண்டு சூளைகளுமே பழுதானவை. அவற்றுள் வேறுபாடு பேசுவது வீண்.

அப்படியானால் புள்ளிக்கணக்கு பயனற்றதா? இல்லை. ஆயிரம் அகலுக்கு வாக்குக் கொடுத்த முதலாளி, அந்தச் சூளையை விட்டு இந்தச் சூளையில் சுட்டால் எத்தனை அகல் கூடுதலாக உடையும் என்று அறிய வேண்டுமானால், புள்ளியே அவருக்கு வழிகாட்டி. இரண்டு இடங்களிலும் ஆயிரத்துக்கு இருபது. எத்தனை என்று கேட்பவருக்குப் புள்ளி விடை சொல்லும். எத்தனை மடங்கு என்று கேட்பவருக்கு விகிதம் விடை சொல்லும். கேள்வியைச் சொல்லாமல் விடையை மட்டும் வீசுவதே பிழை.

சூளையில் உடைவது மண். சமுதாயத்தில் உடைவது மனிதர் வாழ்வு. ஆகவே இங்கே அளவுகோல் இன்னும் கூர்மையாக இருக்க வேண்டும் அன்றோ?

எண்களைக் கொண்டு உரிமை கேட்பது நமக்குப் புதிதன்று. 1916 டிசம்பரில் பிட்டி தியாகராயர் வெளியிட்ட பார்ப்பனரல்லாதார் அறிக்கை, உணர்ச்சியைவிட எண்ணிக்கையையே படைக்கலமாகக் கொண்டது. சென்னை மாகாணத்து மக்கள் நாலே கால் கோடிக்குச் சற்றுக் குறைவு, அதாவது 4.15 கோடி, அவர்களுள் நாலு கோடிக்குக் குறையாதோர் பார்ப்பனரல்லாதார் என்றது. 1913-இல் நிலையான மாவட்ட முன்சீப்கள் 128 பேர். அவர்களுள் 93 பேர் பார்ப்பனர், 25 பேர் பார்ப்பனரல்லாத இந்துக்கள் என்று எடுத்துக்காட்டியது. துணைக் கலெக்டர்கள் 140 பேரில் 77 பேர் பார்ப்பனர் என்றது.

அந்த அறிக்கையின் சிறப்பு எதில் இருக்கிறது? எத்தனை பேரில் எத்தனை பேர் என்று முழு எண்ணையும் பகுதி எண்ணையும் சேர்த்தே கொடுத்ததில் இருக்கிறது. படிப்பவர் தாமே கணக்குப் போட்டுப் பார்க்கலாம். மக்கள்தொகையில் நூற்றுக்கு நான்குக்கும் குறைவானோர், முன்சீப் பதவிகளில் நூற்றுக்கு எழுபத்திரண்டுக்கு மேல். புள்ளியில் அளந்தால் ஏறத்தாழ 69. மடங்கில் அளந்தால் இருபது. எந்தக் கோலால் அளந்தாலும் அநீதி அநீதியாகவே நின்றது. எதிரி கோலை மாற்றித் தப்ப முடியவில்லை. அத்தகைய கணக்கே வலுவான கணக்கு.

ஆனால் எல்லாக் காலத்திலும் எல்லாக் கோல்களும் ஒரே திசையைக் காட்டுவதில்லை. இதை நம் இளைஞர்கள் அறிந்தே தீர வேண்டும். இந்திய மக்கள்தொகைக் கணக்கெடுப்பிலிருந்து நான்கே எண்கள் தருகிறேன். 1951-இல் எழுத்தறிந்த ஆண்கள் நூற்றுக்கு 27.16, பெண்கள் 8.86. 2001-இல் ஆண்கள் 75.26, பெண்கள் 53.67. ஐம்பது ஆண்டுகளில் ஆண் பெண் இடைவெளி குறைந்ததா, கூடியதா?

மூவர் மேடையேறுகிறார்கள் என்று கற்பனை செய்யுங்கள். முதலாமவர் கழிக்கிறார். 1951-இல் இடைவெளி 18.30 புள்ளி, 2001-இல் 21.59 புள்ளி. “இடைவெளி கூடிவிட்டது!” என்கிறார். இரண்டாமவர் வகுக்கிறார். 1951-இல் ஆண்களின் எழுத்தறிவு பெண்களுடையதைப்போல் மூன்று மடங்குக்கும் மேல், 2001-இல் 1.4 மடங்கே. “இடைவெளி பாதிக்குமேல் கரைந்துவிட்டது!” என்கிறார். மூன்றாமவர் நாணயத்தைத் திருப்பிப் போடுகிறார். எழுத்தறியாதவர்களை எண்ணுகிறார். 1951-இல் எழுத்தறியாப் பெண்கள் 91.14, ஆண்கள் 72.84, ஒன்றேகால் மடங்கு. 2001-இல் பெண்கள் 46.33, ஆண்கள் 24.74, ஏறத்தாழ 1.9 மடங்கு. “அறியாமை முன்னைவிடப் பெண்கள் பக்கமே குவிந்துவிட்டது!” என்கிறார்.

ஒரே ஏடு, ஒரே நான்கு எண்கள், மூன்று முழக்கங்கள்! யார் சொல்வது மெய்? மூவர் சொல்வதும் மெய்யே. அப்படியானால் யாரை நம்புவது? மூவரிடமும் கேள்வி கேட்பவரை நம்ப வேண்டும்.

முதலாமவரிடம் கேட்போம்: 1951-இல் எழுத்தறிந்த ஆண்களே 27.16 தானே? பெண்களில் ஒருவர்கூடப் படிக்கவில்லை என்றாலும் அன்றைய இடைவெளி 27.16 புள்ளியைத் தாண்டியிருக்க முடியாதே? அன்று இடைவெளி சிறிதாக இருந்தது பெண்ணுக்கு நீதி கிடைத்ததாலா? அன்று, இருபாலாரும் இருளில் கிடந்ததால். எல்லோரும் பட்டினி கிடக்கும் வீட்டில் பங்கு குறைந்தது என்று யாரும் சண்டையிடுவதில்லை!

இரண்டாமவரிடம் கேட்போம்: மிகச் சிறிய எண்ணிலிருந்து புறப்படும் வளர்ச்சி எப்போதும் பெரிய மடங்காகத்தானே தோன்றும்? ஒரு பெண் படித்த சிற்றூரில் இன்னொருத்தி படித்தால் அது நூறு விழுக்காட்டு வளர்ச்சி. ஆனால் ஊர் படித்துவிட்டதா? மூன்றாமவரிடமும் கேட்போம்: ஐம்பது ஆண்டுகளில் எழுத்தறியாப் பெண்களின் பங்கு 91-இலிருந்து 46 ஆகக் குறைந்ததை உங்கள் முழக்கம் மறைக்கிறதே?

இன்னொன்றும் சொல்ல வேண்டும். 1951, 1961, 1971 ஆண்டுகளின் எழுத்தறிவு விகிதம் ஐந்து வயதும் அதற்கு மேலும் உள்ளோரைக் கொண்டு கணக்கிடப்பட்டது. 1981 முதல் ஏழு வயதும் அதற்கு மேலும் உள்ளோரைக் கொண்டு கணக்கிடப்படுகிறது. கோலின் நீளமே இடையில் மாறியிருக்கிறது. நேர்மையாளன் அதையும் சொல்லிவிட்டே ஒப்பிடுவான்.

நூறு என்பது உச்சி. அதற்குமேல் யாரும் ஏற முடியாது. முன்னே போனவன் உச்சியை நெருங்கி நடை தளர்ந்தால், பின்னே வருபவன் இயல்பாகவே நெருங்கிவிடுவான். எழுத்தறிவில் இடைவெளி சுருங்குவதை வைத்தே சமத்துவம் வந்துவிட்டது என்று மணியடிப்பவர்கள் இதை எண்ணிப் பார்க்க வேண்டும். முன்னே போனவன் அந்த மாடியில் நிற்கவில்லை. கல்லூரி மாடிக்கும், வெளிநாட்டு மாடிக்கும் ஏறிவிட்டான். ஆகவே எந்த மாடியில் அளக்கிறோம் என்பதும் கேள்வியே.

அந்தக் கல்லூரி மாடியிலும் அளந்தே பார்க்கலாம். அனைத்திந்திய உயர்கல்விக் கணக்கெடுப்பின்படி, உயர்கல்விச் சேர்க்கை விகிதம் 2014-15-இல் அனைவருக்கும் 23.7, பட்டியல் சாதியினருக்கு 18.9, 2021-22-இல் அனைவருக்கும் 28.4, பட்டியல் சாதியினருக்கு 25.9. இடைவெளி 4.8 புள்ளியிலிருந்து 2.5 புள்ளியாகக் குறைந்திருக்கிறது. இது உச்சியை நெருங்கியதால் வந்த குறைவன்று; போராடிப் பெற்ற வாய்ப்பின் பலன். நல்ல செய்தியை நல்ல செய்தி என்று சொல்லவும் பகுத்தறிவாளனுக்குத் தயக்கம் கூடாது.

ஆனால் இந்தக் கணக்கிலும் ஒரு நுட்பமான பிழை ஒளிந்திருக்கிறது. தமிழ்நாட்டு எண்களைக் கொண்டு அதைக் காட்டுகிறேன். 2011-இல் தமிழ்நாட்டின் மொத்த எழுத்தறிவு 80.09; பட்டியல் சாதியினரின் எழுத்தறிவு 73.26. கழித்தால் 6.83 புள்ளி. “ஏழு புள்ளிகூட இல்லையே, இனி எதற்குச் சலுகை?” என்று கேட்கும் குரல் நமக்குப் பழகிய குரல்.

அவர்களிடம் நான் கேட்கிறேன்: மொத்தம் என்பது யார் யார்? அந்த மொத்தத்துக்குள் பட்டியல் சாதியினரும் இருக்கிறார்களே! தமிழ்நாட்டு மக்களில் நூற்றுக்கு இருபது பேர் அவர்கள். ஒருவனை அவனையே உள்ளடக்கிய கூட்டத்தோடு நிறுத்தி உயரம் பார்த்தால், வேறுபாடு சுருங்கித் தோன்றாமல் வேறு என்ன செய்யும்? அவர்களை விலக்கி, மற்றவர்களை மட்டும் தனியே கணக்கிட்டால், மற்றவர்களின் எழுத்தறிவு ஏறத்தாழ 81.8 வரும். இடைவெளி எட்டரைப் புள்ளி. 2001-க்கும் இதே முறையில் பார்த்தால், மொத்தம் 73.45, பட்டியல் சாதியினர் 63.19, மேலோட்டமான இடைவெளி 10.26 புள்ளி, உண்மை இடைவெளி ஏறத்தாழ பன்னிரண்டரைப் புள்ளிக்குச் சற்று மேல். பத்து ஆண்டுகளில் இடைவெளி குறைந்தது என்பது மெய். ஆனால் அது ஒவ்வொரு முறையும் உள்ளதைவிடச் சிறிதாகவே நமக்குக் காட்டப்பட்டது என்பதும் மெய்.

பழங்குடியினரின் கதை இன்னும் பாடம் தருவது. 2001-இல் தமிழ்நாட்டுப் பழங்குடியினரின் எழுத்தறிவு 41.53, 2011-இல் 54.34. “மாநிலத்தின் வளர்ச்சி ஒன்பது விழுக்காடு, பழங்குடியினரின் வளர்ச்சி முப்பத்தொரு விழுக்காடு, மூன்று மடங்கு வேகம்!” என்று ஒருவர் பெருமை பேசலாம், கணக்குப் பிழையில்லை. புள்ளியில் பார்த்தால் மாநிலம் 6.64 உயர, அவர்கள் 12.81 உயர்ந்தார்கள்; ஏறத்தாழ இரு மடங்கு. ஆனால் பத்தாண்டு முடிந்து நின்று பார்க்கும்போதும், மாநிலத்தின் சராசரிக்கும் அவர்களுக்கும் நடுவே இன்னும் 25.75 புள்ளி. நூறு பேரில் இருபத்தைந்து பேருக்கு மேல்! வேகத்தைச் சொல்லித் தொலைவை மறைப்பது ஒரு கலை. அந்தக் கலைஞர்களுக்கு நம்மிடையே பஞ்சமில்லை.

சராசரி என்பதும் ஒரு போர்வைதான். 2011-இல் தமிழ்நாட்டுப் பட்டியல் சாதி ஆண்களின் எழுத்தறிவு 80.94, மாநிலச் சராசரியையே தாண்டிவிட்டார்கள். பட்டியல் சாதிப் பெண்களின் எழுத்தறிவோ 65.64. அதே சமூகத்துக்குள் பதினைந்து புள்ளி இடைவெளி! மாநிலத்து ஆண்கள் அனைவருடனும் ஒப்பிட்டால் இருபத்தொரு புள்ளிக்கு மேல். சாதியால் ஒரு சுமையும் பெண்ணாகப் பிறந்ததால் ஒரு சுமையும் சுமப்பவளை, சாதிக் கணக்கும் முழுதாகக் காட்டவில்லை. பெண் கணக்கும் முழுதாகக் காட்டவில்லை. இரண்டையும் பெருக்கிப் பார்க்கும் கண் நமக்கு வேண்டும்.

இட ஒதுக்கீட்டு வாதத்திலும் இந்தப் புள்ளிக் குழப்பம் புகுந்து விளையாடுகிறது. 1971-இல் தமிழ்நாட்டில் பிற்படுத்தப்பட்டோர் ஒதுக்கீடு 25-இலிருந்து 31 ஆயிற்று. பட்டியல் சாதியினர், பழங்குடியினர் ஒதுக்கீடு 16-இலிருந்து 18 ஆயிற்று. 1980-இல் பிற்படுத்தப்பட்டோர் ஒதுக்கீடு 31-இலிருந்து 50 ஆக உயர்ந்தது. எத்தனை உயர்வு? பத்தொன்பது புள்ளி. ஆதரிப்பவர் 31-ஆல் வகுத்து “அறுபத்தொரு விழுக்காடு உயர்வு” என்று மகிழலாம். எதிர்ப்பவரோ பொதுப் போட்டி இடங்களைப் பார்த்து, 51 இருந்தது 32 ஆயிற்று, “முப்பத்தேழு விழுக்காடு பறிபோயிற்று” என்று கூக்குரலிடலாம். இருவரும் கையில் வைத்திருப்பது அதே பத்தொன்பது இடங்களைத்தான். ஆதலால் இங்கே நேர்மையான சொல் புள்ளியே. நூறு இடங்களில் பத்தொன்பது இடங்கள் கைமாறின, அவ்வளவுதான். அந்த மாற்றம் நியாயமா என்பதை வரலாறும் மக்கள்தொகையும் தீர்மானிக்கட்டும். வகுத்தல் வித்தை தீர்மானிக்க வேண்டா.

நம்மவர் குறையையும் சொல்லாவிட்டால் இக்கட்டுரை அரைகுறையாகும். எதிரணியார் எண்ணைத் திரித்தால் எழுந்து நின்று கேட்கிறோம். நம் மேடையில் ஒருவர் திரித்தால் கைதட்டுகிறோம். புள்ளியைவிட விழுக்காடு பெரிதாகத் தெரிந்தால் விழுக்காட்டையும், சிறிதாகத் தெரிந்தால் புள்ளியையும் எடுத்துக்கொள்ளும் பழக்கம் நம் பேச்சாளர்களிடமும் உண்டு. “நல்ல நோக்கத்துக்காகத்தானே?” என்பார்கள். சாத்திரத்தின் பெயரால் மக்களை ஏய்த்தவர்களும் நல்ல நோக்கம் என்றுதான் சொன்னார்கள்! எதையும் ஏன், எப்படி என்று கேள் என்று ஊருக்குச் சொல்பவர்கள், தம் எண்ணை ஏன், எப்படி என்று கேட்டால் முகம் சுளிக்கலாமா? மேலும், திரித்த எண் ஒரு நாள் அம்பலப்படும். அன்று அதனோடு சேர்ந்து திரிக்காத நியாயமும் நகைப்புக்கு இடமாகும். அதுவே எனக்குள்ள அச்சம்.

இது காலத்துக்கேற்ற கவலையும் ஆகும். 2021-இல் நடந்திருக்க வேண்டிய மக்கள்தொகைக் கணக்கெடுப்பு நடைபெறவில்லை. அடுத்த கணக்கெடுப்பை 2027-க்கு என்று அறிவித்த ஒன்றிய அரசு, சாதிவாரி விவரத்தையும் அதில் சேர்ப்பதென 2025-இல் முடிவு செய்தது. எல்லாச் சாதிகளின் விவரமும் கணக்கெடுப்பில் வெளியானது கடைசியாக 1931-இல். ஒரு நூற்றாண்டளவு இடைவெளிக்குப் பிறகு எண்கள் வெள்ளமாக வரும் வேளையில், ஆயிரம் முழக்கங்களும் உடன் வரும். எந்த எண்ணை எதிலிருந்து கழித்தார்கள், எதனால் வகுத்தார்கள், யாரை யாருடன் நிறுத்தினார்கள் என்று கேட்கத் தெரியாத இளைஞன் அந்த வெள்ளத்தில் அடித்துச் செல்லப்படுவான்.

ஆகவே தோழர்களே, ஓர் எண்ணைக் கேட்டால் நான்கு கேள்விகள் கேட்டுப் பழகுவோம். இது புள்ளியா, விழுக்காடா? தொடக்கத்தில் இருந்த அளவு எவ்வளவு? ஒப்பிடப்பட்ட கூட்டத்துக்குள் ஒப்பிடப்படுபவரும் அடங்கியிருக்கிறாரா? பெற்றவரை எண்ணாமல் பெறாதவரை எண்ணினால் கதை மாறுகிறதா? நான்குக்கும் விடை தரும் பேச்சாளரை மதிப்போம். விடை தராதவர் நம்மவரே ஆயினும் அமர்ந்தபடியே கையுயர்த்திக் கேட்போம்.

அடுத்த மாதக் கூட்டத்தில் அதைத்தான் அந்த மாணவன் செய்தான். பேச்சாளர் ஒருவர் “இருபது விழுக்காடு” என்று முழங்கியபோது, பின்வரிசையிலிருந்து எழுந்து, “ஐயா, அது புள்ளியா, விழுக்காடா?” என்று கேட்டான். சிலர் சிரித்தனர். பேச்சாளர் ஒரு கணம் நின்றார், தம் குறிப்பைப் புரட்டிப் பார்த்தார், பிறகு, “புள்ளி, தம்பி. சொல்லியிருக்க வேண்டும்” என்றார். அன்றைய கூட்டத்தில் நான் கைதட்டியது அந்த ஒரு வாக்கியத்துக்குத்தான்.